அன்றாட மளிகைக்கு எந்த சூப்பர் மார்க்கெட்டைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இது: போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. ஒன்று பெரியது, எல்லாம் கிடைக்கும், ஆனால் வண்டி எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொன்று நடந்து போகும் தூரம், விலை கொஞ்சம் கூடுதல் மாதிரி தெரிகிறது. மூன்றாவதில் வகைகள் குறைவு, பெரும்பாலும் கடையின் சொந்த பிராண்டுகள், மலிவு என்று பேர். வாராவாரம் ஆஃபர் பார்த்து மாறி மாறிப் போய் அலுத்துவிட்டது. வழக்கமான கடையாக எதை வைத்துக்கொள்வது, அதை எப்படி முடிவு செய்வது?

சில்லறை வணிகத்தில் கொள்முதல் பக்கம் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வாங்கும் முப்பது சாமான்களை வைத்து மூன்று கடைகளையும் ஒருமுறை ஒழுங்காக ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால், காய்கறியும் பாலும் குளிர்பெட்டிச் சரக்கும் எங்கே நன்றாக இருக்கின்றனவோ அந்தக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் அறிவிப்புகள் இந்த முடிவுக்குள் வரவே தேவையில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கடைக்காரர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மைக்கேல் கல்லன் என்று ஒருவர் இருந்தார். க்ரோகர் என்ற மளிகை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெரிய, மலிவான, வாடிக்கையாளரே சாமானை எடுத்துக்கொள்ளும் கடைகளைத் திறக்கலாம் என்று தன் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் விலைத் திட்டத்தையும் போட்டிருந்தார்: 300 பொருட்களை வாங்கின விலைக்கே விற்பது, 200 பொருட்களுக்கு 5 சதவீதம் மேலே வைப்பது, 300 பொருட்களுக்கு 15 சதவீதம், இன்னொரு 300 பொருட்களுக்கு 20 சதவீதம். கடிதத்துக்குச் சரியான பதில் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு 1930-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கிங் கல்லன் என்ற கடையைத் தானே திறந்தார். இன்றைய சூப்பர் மார்க்கெட்டின் முன்னோடிகளில் முக்கியமானது அது. தொண்ணூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, சதவீதங்கள் மாறியிருக்கும், கணக்கு மட்டும் மாறவில்லை. ஒரு பகுதிச் சரக்கை லாபமே இல்லாமல், சில சமயம் நஷ்டத்துக்குக்கூட, விற்று ஆளை உள்ளே வரவைப்பார்கள். அந்தக் குறையை மற்றச் சரக்கில் ஈடுகட்டுவார்கள்.

எந்தச் சரக்கை மலிவாக வைப்பார்கள்? நீங்கள் விலை ஞாபகம் வைத்திருப்பவற்றை. பால், முட்டை, ரொட்டி, சமையல் எண்ணெய், சர்க்கரை போன்றவற்றின் விலை பெரும்பாலானோருக்கு மனப்பாடம். ஒரு கடை மலிவா இல்லையா என்ற எண்ணம் நமக்கு அந்தச் சில பொருட்களிலிருந்துதான் வருகிறது. ஆகவே பக்கத்துக் கடைகளில் அவை என்ன விலைக்குப் போகின்றன என்பதைக் கடைக்காரர்கள் ஓயாமல் கண்காணிப்பார்கள், அதற்கேற்ப தங்கள் விலையை இறக்குவார்கள். மசாலாப் பொடி, பாத்திரம் தேய்க்கும் நார், குப்பைப் பை, பல்துலக்கி, சாஸ் பாட்டில் இவற்றின் விலை யாருக்கும் நினைவில் நிற்காது. லாபம் அங்கே இருக்கும். மூன்று கடைகளும் வேறு வேறு பொருட்களில் மலிவாகத் தெரிவதும், எங்கே போனாலும் "அங்கே அது குறைவாயிற்றே" என்று தோன்றுவதும் இதனால்தான். வருடம் முழுக்க ஆஃபர்களைத் துரத்தினாலும் இந்தக் குழப்பம் தீராது.

ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மளிகை வியாபாரத்தில் எல்லாச் செலவும் போக மிஞ்சும் லாபம் மிகக் குறைவு. நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை நிற்பது சாதாரணம். அதனால் ஒரே மாதிரியான இரண்டு கடைகளில், ஒன்று எல்லாப் பொருளிலும் மற்றதைவிட இருபது சதவீதம் மலிவாக இருக்க வழியில்லை. அப்படிப் பெரிய வித்தியாசம் இருந்தால் அதற்குத் தெளிவான காரணம் இருக்கும்: வகைகளைக் குறைத்திருப்பார்கள், ஆட்களைக் குறைத்திருப்பார்கள், சரக்கை அட்டைப்பெட்டியோடேயே அடுக்கியிருப்பார்கள், விளம்பரம் செய்யாத சொந்த பிராண்டாக இருக்கும். ஜெர்மனியில் தொடங்கிய ஆல்டி என்ற மலிவு விலை சூப்பர் மார்க்கெட் இதே வழியில்தான் வளர்ந்தது. வழக்கமான ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைப் பொருட்கள் இருக்கலாம். ஆல்டி மாதிரிக் கடையில் ஏறக்குறைய இரண்டாயிரம். வகை குறைந்தால் ஒவ்வொரு வகையிலும் கொள்முதல் பெரிதாகும், பேரம் பேச முடியும், கிடங்கும் வேலையும் சுருங்கும். உங்கள் மூன்றாவது கடை உண்மையிலேயே மலிவாக இருக்க வாய்ப்பு உண்டு என்று நான் நினைப்பதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

சரி, ஒப்பிடுவதற்கு வருவோம். கடந்த ஒன்றிரண்டு மாத பில்களை எடுத்து வையுங்கள். தாள் பில் இல்லாவிட்டால் கடையின் செயலியில் பழைய பில்கள் இருக்கும். திரும்பத் திரும்ப வருகிற பொருட்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எப்போதாவது வாங்குவதை விட்டுவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியல் இருபத்தைந்து, முப்பதைத் தாண்டாது, ஆனால் மளிகைச் செலவில் பெரும்பங்கு அதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், மாதத்தில் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். கிலோ, லிட்டர், எண்ணிக்கை என்று அளவாக எழுத வேண்டும். பாக்கெட் கணக்கு உதவாது, கடைக்குக் கடை பாக்கெட் அளவு மாறும்.

அளவை எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதச் செலவில் இரண்டு சதவீதமே பிடிக்கும் ஒரு பொருளுக்கு ஒரு கடை 20 சதவீதம் தள்ளுபடி தருகிறது என்றால், மொத்தத்தில் உங்களுக்கு மிச்சமாவது 0.4 சதவீதம். செலவில் 15 சதவீதம் பிடிக்கும் ஒரு பொருள் வேறொரு கடையில் வெறும் 5 சதவீதம் குறைவாக இருந்தால் மிச்சம் 0.75 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதல் தள்ளுபடியைத்தான் பெரிய எழுத்தில் தொங்கவிடுவார்கள். இரண்டாவதைப் பற்றி எந்தப் பலகையும் இருக்காது. அதிகமாக வாங்கும் ஏழெட்டுப் பொருட்களை எழுதி முடித்ததுமே விடை பாதிக்கு மேல் தெரிந்துவிடும். மற்றவை அதை உறுதிப்படுத்தத்தான்.

பட்டியலோடு மூன்று கடைகளுக்கும் போய், ஒவ்வொரு பொருளுக்கும் கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை அலகு விலை என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1998-ஆம் ஆண்டின் உத்தரவு மூலம் இதைக் கடைகளில் எழுதி வைக்கும்படி செய்தது. ஆஸ்திரேலியாவில் 2009-இலிருந்து பெரிய மளிகைக் கடைகளுக்கு இது கட்டாயம். விலைச்சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். சட்டம் இல்லாத இடங்களில் கைபேசியில் ஒரு வகுத்தல் போட்டால் போதும். வழக்கமான விலையையும் ஆஃபர் விலையையும் தனித்தனியாக எழுதுங்கள், முடிவை வழக்கமான விலையில் எடுங்கள். ஆஃபர் சுற்றி வரும். இந்த வாரம் இங்கே என்றால் அடுத்த வாரம் அங்கே. முடிந்தால் இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விட்டு இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். முதல் தடவை ஏதாவது ஒரு கடை விழாக்காலத் தள்ளுபடியில் இருந்திருந்தால் அது அப்போது தெரிந்துவிடும்.

அலகு விலை பார்க்கத் தொடங்கினால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாக இருக்காது என்பது ஒன்று. நடுத்தர அளவு ஆஃபரில் இருக்கும்போது அதுவே மிகக் குறைந்த விலையாக இருக்கும். 'குடும்பப் பொதி' என்று போட்டிருப்பதில் கிலோ விலை கூடுதலாக இருப்பதையும் பார்க்கலாம். மற்றது, விலை மாறாமல் எடை சுருங்குவது. பாக்கெட் அதே உயரம், அதே நிறம், உள்ளே நூறு கிராமில் பத்து கிராம் குறைந்திருக்கும். இது பெரும்பாலும் தயாரிப்பாளர் செய்வது, கடையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடை அதை எப்படிக் கையாளுகிறது என்பது கடையைப் பற்றி ஏதோ சொல்கிறது. பிரான்சில் கார்ஃபூர் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2023 செப்டம்பரில், எடை குறைந்த பொருட்களின் பக்கத்திலேயே அதைச் சொல்லும் அறிவிப்பு ஒட்டியது. 2024 ஜூலையிலிருந்து அந்நாட்டில் நடுத்தர, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு இப்படி இரண்டு மாதம் அறிவிப்பு வைப்பது சட்டமாகிவிட்டது. எல்லா நாட்டிலும் வரவேண்டிய சட்டம் என்பது என் எண்ணம்.

சொந்த பிராண்டு விஷயத்தில் பலருக்குத் தயக்கம் இருக்கும். மலிவு என்றால் மட்டம் என்ற நினைப்பு. கடைகள் பொதுவாகச் சொந்தமாக ஆலை வைத்திருப்பதில்லை. வெளித் தயாரிப்பாளர்களிடம் கொடுத்துச் செய்து வாங்கி, தங்கள் பேரை ஒட்டுகிறார்கள். அந்தத் தயாரிப்பாளர்களில் பிரபல பிராண்டுகளுக்குச் செய்பவர்களும் உண்டு. ஆனால் சேர்மானம் அதுவேதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கடை கேட்ட விலைக்கு ஏற்ப மாறலாம். தெரிந்துகொள்ள எளிய வழி உறையின் பின்பக்கம். உணவுப் பொருள் உறைகளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸின் விதி. பல நாட்டுச் சட்டங்களும் அதையே சொல்கின்றன. இரண்டு பாக்கெட்டையும் திருப்பிப் பிடித்து முதல் மூன்று பெயர்களை ஒப்பிடுங்கள். உப்பு, சர்க்கரை, மாவு, பருப்பு, உலர்ந்த தானியம், கைதுடைக்கும் தாள், வெள்ளை வினிகர் மாதிரியானவற்றில் பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. காப்பி, தேயிலை, சாஸ், சலவைத்தூள் இவற்றில் வித்தியாசம் இருக்கும். சின்ன பாக்கெட் வாங்கிப் பார்த்த பிறகு ஒப்பீட்டுத் தாளில் சேருங்கள். வீட்டில் யாரும் தொடாத சாமானை மலிவு விலையில் எழுதி வைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

இதுவரை சொன்னது விலை. கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கடைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், வித்தியாசம் மூன்று, நான்கு சதவீதமாக இருக்கும். இந்த இடத்தில் நிறையப் பேர் குறைந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் எடுக்க மாட்டேன். பில்லில் வராத ஒரு செலவு இருக்கிறது. அழுகியும் கெட்டும் குப்பைக்குப் போகும் சாமான் அது.

ஒரு கணக்கு போடுங்கள். காய்கறி, பழம், பால் சரக்கு எல்லாம் சேர்ந்து மாத மளிகைச் செலவில் 30 சதவீதம் என்று வையுங்கள். அதில் ஆறில் ஒரு பங்கு, வாங்கின இரண்டாம் நாளே வாடிப்போய்த் தூக்கிப்போட வேண்டி வந்தால், மொத்தச் செலவில் 5 சதவீதம் போய்விட்டது. ஐந்து சதவீதம் மலிவான கடை என்று போனீர்கள் என்றால் மிச்சம் ஒன்றுமில்லை, மறுபடி வாங்கப் போன நேரம் தனி. இது கற்பனையாக ஊதிப் பெருக்கிய கணக்கும் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது, கடைகளிலோ உணவகங்களிலோ இல்லை. வீடுகளில் மட்டும் சராசரியாக ஆளுக்கு வருடத்தில் 79 கிலோ. இதற்கெல்லாம் கடை காரணம் என்று சொல்ல வரவில்லை, நாம் அதிகம் வாங்குவதும் காரணம். ஆனால் ஏற்கெனவே பாதி ஆயுள் முடிந்த கீரையை விற்கும் கடைக்கு அதில் பங்கு உண்டு.

கடையின் தரத்தைப் பார்க்க எங்கே பார்ப்பது? வாசலில் அழகாக அடுக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் பழக்குவியல் எல்லாக் கடையிலும் அழகாகத்தான் இருக்கும். நான் நேராகக் குளிர்பெட்டிகளுக்குப் போவேன். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான உணவுக்கான அறிவுரை, கெடக்கூடிய உணவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. உறைந்த உணவுக்குப் பொதுவான அளவு மைனஸ் 18. பல குளிர்பெட்டிகளில் வெப்பமானி வெளியே தெரியும்படி இருக்கும், பாருங்கள். இல்லாவிட்டால் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே சில்லென்று இருக்கிறதா, லேசாகக் குளிர்ந்திருக்கிறதா என்று தெரியும். திறந்த குளிர்பெட்டியில் சாமானை விளிம்பு தாண்டி அடுக்கியிருந்தால் மேலே இருப்பதற்குக் குளிர் போய்ச் சேராது. உறைபெட்டியில் பட்டாணி பாக்கெட்டை அசைத்துப் பாருங்கள். மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால், எங்கேயோ ஒரு கட்டத்தில் இளகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பாக்கெட்டின் உள்ளே பனித்தூள் நிறைய இருப்பதும் பெரும்பாலும் அதே கதைதான். சரக்கு இறக்கும் நேரத்தில் போக வாய்த்தால் இன்னும் நல்லது. குளிர்ச் சரக்கு வண்டியிலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் நடைபாதையில் கிடக்கிறது என்று பாருங்கள். ஒரு கடையைப் பற்றி இதைவிட நேர்மையாகச் சொல்லும் காட்சி எனக்குத் தெரியாது.

அடுத்தது தேதி. தட்டில் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் எடுத்துப் பாருங்கள். ஒழுங்கான கடையில் பழைய தேதி முன்னால், புதியது பின்னால் இருக்கும். அது ஏமாற்று இல்லை, சரக்கைச் சுழற்றும் முறை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை. ஒன்றிரண்டு நாள் என்றால் சரக்கு வேகமாக நகர்கிறது. முன்னால் இருப்பது நாளைக்கு முடிகிறது, பின்னால் இருப்பதற்கு இன்னும் இரண்டு வாரம் என்றால் அந்தப் பொருள் அங்கே தேங்குகிறது. தேதி தாண்டியது தட்டிலேயே கிடந்தால், அதுவும் ஒரே தடவையில் இரண்டு மூன்று இடங்களில் கண்ணில் பட்டால், அந்தக் கடையை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன், விலை என்னவாக இருந்தாலும். தேதிகளிலும் இரண்டு வகை உண்டு. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பு பற்றியது, தாண்டினால் சாப்பிடக் கூடாது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது ருசியும் மொறுமொறுப்பும் பற்றியது, தாண்டினாலும் பெரும்பாலும் சாப்பிடலாம். இரண்டாம் வகைச் சரக்கைத் தேதி நெருங்கும்போது விலை குறைத்துத் தனித் தட்டில் வைக்கும் கடை எனக்குப் பிடிக்கும். வாங்குகிறவருக்கும் லாபம், சாமானும் குப்பைக்குப் போகாது.

காய்கறியைப் பொறுத்தவரை, விற்பனை வேகம்தான் எல்லாம். கூட்டம் வரும் சின்னக் கடையின் தக்காளி, ஆளில்லாத பெரிய கடையின் தக்காளியைவிடப் புதிதாக இருக்கும். எந்தக் கிழமை சரக்கு வருகிறது என்று அங்கே அடுக்குகிறவரிடம் கேளுங்கள், சொல்வார்கள். உங்கள் வழக்கமான நாளுக்கும் அந்தக் கிழமைக்கும் பொருந்துகிற கடை உங்களுக்கு நல்ல கடை. இதை யாரும் யோசிப்பதில்லை. சரக்கு வருவதற்கு முந்தைய நாள் மாலையில் போய்ப் பார்த்துவிட்டு "அந்தக் கடையில் காய் நன்றாக இருக்காது" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

தூரம், நேரம் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம், வண்டிச் செலவைப் பயணத்துக்கு இவ்வளவு என்று ஒப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். இதோடு வேறொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கடை பெரிதாகப் பெரிதாக, எழுதிப் போகாத சாமான் கூடையில் ஏறும். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்ளி விக்ளி என்ற கடையைத் திறக்கும் வரை, மளிகைக் கடை என்றால் கவுண்டரில் நின்று பட்டியலைச் சொல்வோம், கடைக்காரர் எடுத்துத் தருவார். நாமே நடந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் மாற்றிய பிறகு, எதை எங்கே வைப்பது என்பதே ஒரு தொழில்நுட்பமாகிவிட்டது. கண் மட்டத்தில் எது, வரிசை முனையில் எது, பணம் கட்டும் இடத்தில் எது என்பதெல்லாம் கணக்குப் போட்டு வைப்பவை. இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பல பொருட்களைப் பெரிய கடைகளில் வாசலிலும் வரிசை முனையிலும் பணம் கட்டும் இடத்திலும் வைக்கத் தடை போட்டார்கள் என்றால், அந்த இடங்களின் வலிமையைப் புரிந்துகொள்ளலாம். உங்கள் பழைய பில்களில் திட்டமிடாமல் வாங்கியதை வட்டமிட்டுப் பாருங்கள். பெரிய கடை பில்லில் வட்டங்கள் அதிகமாக இருந்தால், அந்தக் கடை உங்களுக்கு மலிவான கடை இல்லை, கிலோ விலை என்ன சொன்னாலும் சரி.

உறுப்பினர் கார்டு, பாயிண்ட் பற்றிக் கேட்பீர்கள். பிரிட்டனில் டெஸ்கோ என்ற சூப்பர் மார்க்கெட் 1995-இல் கிளப்கார்டு என்ற உறுப்பினர் கார்டைக் கொண்டுவந்ததிலிருந்து, நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்ற விவரத்துக்கு ஈடாகச் சலுகை தருவது உலகம் முழுக்கப் பழகிவிட்டது. உறுப்பினர் விலை வெறும் கண்கட்டு என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இதை ஆராய்ந்து 2024 நவம்பரில் முடிவை வெளியிட்டது. உறுப்பினர் விலை போட்ட ஏறக்குறைய 50,000 பொருட்களைப் பார்த்ததில் 92 சதவீதத்தில், அந்தக் கடையின் வழக்கமான விலையோடு ஒப்பிட உண்மையான குறைவு இருந்தது. அதே அறிக்கை, வேறு கடையில் அதைவிட மலிவாகக் கிடைக்கலாம், ஒப்பிட்டுப் பாருங்கள் என்றும் சொன்னது. அங்கே நடந்த ஆய்வு எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. என் வழி இது: கடையை முடிவு செய்த பிறகு அந்தக் கடையின் கார்டை மட்டும் வாங்குங்கள். பாயிண்டுக்காகக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் இத்தனை பாயிண்ட் என்று வரும் செய்திகளுக்காகக் கூடுதலாக எதையும் வாங்காதீர்கள்.

பில் சரியாக வருகிறதா என்பதை மக்கள் பார்ப்பதே இல்லை. தட்டில் ஒரு விலை, கணினியில் வேறு விலை என்பது எல்லாக் கடையிலும் எப்போதாவது நடக்கும். விலைச்சீட்டை மாற்ற மறந்திருப்பார்கள், ஆஃபர் முடிந்த பிறகும் அட்டை தொங்கும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. அடிக்கடி, அதுவும் எப்போதும் கடைக்குச் சாதகமாகவே நடந்தால், வேறு கடை பாருங்கள். சுட்டிக்காட்டும்போது அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் கவனியுங்கள். அதே போல, கெட்டுப்போன பால் ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோக நேர்ந்தால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிற கடையில் அந்தப் பொருள் ஏன் கெட்டது என்று உள்ளே யாராவது கேட்பார்கள். ஐந்து கேள்வி கேட்டு உங்களைக் குற்றவாளியாக்கும் கடையில் அந்தக் கேள்வி உங்களோடு நின்றுவிடும்.

உங்கள் மூன்று கடைகளுக்கு வருகிறேன். மூன்றாவது கடையில் உங்கள் பட்டியலின் முப்பதில் எத்தனை கிடைக்கிறது என்று எண்ணுங்கள். இருபதுக்கு மேல் கிடைத்து, குளிர்பெட்டியும் காய்கறியும் நான் சொன்ன சோதனையில் தேறினால், அதுவே வழக்கமான கடை. மீதிக்கு நடந்து போகும் கடை. கிடைப்பது அதைவிடக் குறைவு என்றால், எப்படியும் வேறு கடைக்கு ஓட வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்தது அலைச்சலில் போய்விடும். அப்போது கெடாத சாமான்களை, அதாவது அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, சலவைத்தூள் இவற்றை, மாதம் ஒருமுறை பெரிய கடையிலோ மூன்றாவது கடையிலோ பட்டியலோடு போய் வாங்கிவிட்டு, பால், காய், ரொட்டி, முட்டையைச் சின்னச் சின்னதாக நடந்து போகும் கடையில் வாங்குங்கள். பக்கத்துக் கடையின் கூடுதல் விலை உங்களைப் பயமுறுத்த வேண்டாம். இன்றைக்கும் நாளைக்கும் தேவையானதை மட்டும் வாங்குவதால் வீணாவது குறையும், அந்தக் கூடுதலில் ஒரு பங்கு அதிலேயே திரும்பி வரும். வண்டி ஓட்ட முடியாத முதியவரோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால், நான் விலைக் கணக்கே போடாமல் பக்கத்துக் கடையைத்தான் சொல்வேன். ஒரு மழைநாளில் அந்த வித்தியாசம் தெரியும்.

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவையையும் நான்காவது கடையாக அதே தாளில் ஒரு பத்தி போட்டு ஒப்பிடலாம். பொருள் விலையோடு கொண்டுவரும் கட்டணத்தையும் சேருங்கள். குறைந்தபட்ச ஆர்டர் தொகையை எட்டுவதற்காகக் கூடுதலாகப் போட்ட சாமானையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கெடாத சாமான்களுக்கு இது நன்றாக உதவும், தட்டு வரிசைகளைத் தாண்டிப் போகாததால் திட்டமிடாத சாமானும் குறையும். காய்கறிக்கும் குளிர்ச் சரக்குக்கும் மட்டும் முதலில் சின்ன ஆர்டர் போட்டு, தேதி எப்படி வருகிறது, குளிர்ச்சி இருக்கிறதா, இல்லாத பொருளுக்குப் பதில் கேட்காமல் வேறொன்றை அனுப்புகிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். செயலியில் மாற்றுப் பொருள் வேண்டாம் என்று குறிக்கும் வசதி இருந்தால் முதல் ஆர்டரிலேயே அதைக் குறித்துவிடுங்கள்.